எதோடு ஒப்பிடுவது? சம்பளம், லெவி, கடன்: வாசகர் கேள்வி பதில்

வேலைச் சந்தை, இடப்பெயர்வு பற்றிய பொருளியல் ஆய்வுகள் குறித்து சிங்கப்பூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கணக்குகளில் வரும் நாணய மாற்று விகிதம், சம்பளம், செலவு எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் எண்களைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் புளோக்கின் கீழே உள்ள கோப்பிக் கடையில் தினமும் இதே பேச்சு. வெளிநாட்டு ஊழியர் வருவதால்தான் நம் பிள்ளைகளின் சம்பளம் ஏறவில்லை என்கிறார் ஒருவர். அவர்கள் வராவிட்டால் நமக்கு வீடே எழும்பாது என்கிறார் இன்னொருவர். ஆய்வு செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?
– வாசகர், ஈசூன்

பதில்: அவர்கள் வராமல் இருந்திருந்தால் சம்பளம் என்னவாக இருந்திருக்கும் என்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் "குறைந்தது" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதோடு ஒப்பிட்டு?

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டவர்களில் பெயர்பெற்றவர் பொருளியலாளர் டேவிட் கார்டு. 1980 ஏப்ரலில் கியூபா அரசு மரியல் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. அக்டோபருக்குள் சுமார் 1,25,000 பேர் படகேறி அமெரிக்காவுக்கு வந்துவிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் மயாமியிலேயே தங்க, அந்நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை சில மாதங்களில் 7 விழுக்காடு கூடியது. மயாமியின் சம்பளத்தை முன்னும் பின்னும் மட்டும் பார்த்திருந்தால், அந்த ஆண்டுகளின் பொருளாதார மந்தநிலையும் வந்தவர்கள் தலையில் விழுந்திருக்கும். கார்டு அப்படிச் செய்யவில்லை. அட்லாண்டா, ஹியூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், டாம்பா ஆகிய நான்கு நகரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1990ல் வெளியான அவர் முடிவு: படிப்பு குறைந்த மயாமிக்காரர்களின் சம்பளமோ வேலையோ அந்த நகரங்களைவிட மோசமாகப் போகவில்லை. 2021ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வகை ஆய்வுகளுக்கும் பங்கு உண்டு.

சண்டை அதோடு ஓயவில்லை. 2017ல் இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவைத் திரும்பத் திறந்தார். உயர்நிலைப் பள்ளியை முடிக்காத, ஸ்பானிய வழி வராத ஆண்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்களின் சம்பளம் 10 முதல் 30 விழுக்காடு வரை சரிந்தது என்றார். மைக்கேல் கிளெமன்ஸும் ஜெனிபர் ஹண்டும் அதில் ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். அவ்வளவு நறுக்கியபின் கையில் மிஞ்சியது ஆண்டுக்குச் சில பத்துப் பேர்தான். அதே ஆண்டுகளில் கணக்கெடுப்பில் கறுப்பின ஆண்களின் பங்கும் கூடியிருந்தது, அவர்களின் சராசரிச் சம்பளம் முன்பிருந்தே குறைவு. சம்பளம் சரியாமலேயே சராசரி சரியலாம். ஓர் அலுவலகத்தில் பத்துப் பேர் ஆளுக்கு 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறார்கள், 1,000 வெள்ளிக்குப் புதிதாக ஐந்து பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். சராசரி 2,333க்கு இறங்கிவிடும். யாருக்கும் ஒரு காசு குறைந்திருக்காது.

எங்கள் கணிப்பில் கார்டின் முடிவே உறுதியானது. ஆனால் அதை அப்படியே சிங்கப்பூருக்குத் தூக்கிவர முடியாது. மயாமிக்கு வந்தவர் நாளைக்கே கடை போடலாம், வேறு முதலாளியிடம் போகலாம். இங்கே ஒர்க் பெர்மிட்டில் வருபவர் எந்தத் துறை, எந்த நிறுவனம், எத்தனை பேர் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டது.

நிறுத்திவிட்டால் சம்பளம் ஏறிவிடுமா என்பதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. மெக்சிகோ விவசாயக் கூலிகளை அமெரிக்காவுக்கு அழைத்துவந்த பிராசெரோ திட்டம் 1942ல் தொடங்கி 1964 முடிவில் மூடப்பட்டது. கிளெமன்ஸ், லூயிஸ், போஸ்டல் மூவரும் அந்தக் கூலிகள் நிறைய இருந்த மாநிலங்களையும் இல்லாத மாநிலங்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கூலி ஒரே வேகத்தில்தான் ஏறியிருந்தது. பண்ணையார்கள் உள்ளூர் ஆளைக் கூடுதல் கூலிக்குத் தேடவில்லை. தக்காளி பறிக்க இயந்திரம் வாங்கினார்கள். இயந்திரத்தால் பறிக்க முடியாத ஸ்ட்ராபெரி, அஸ்பாரகஸ் சாகுபடியைக் குறைத்துக்கொண்டார்கள். அறைகளைத் தொழிற்சாலையில் முழுதாகச் செய்து பாரந்தூக்கியால் அடுக்கும் பிபிவிசி முறையை இங்குள்ள கட்டடத் தளங்களில் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: ஊரில் என் தம்பி கட்டுமானத் திறன் டெஸ்ட் அடித்துவிட்டான். கட்டுமான வேலைக்கு இங்கே வர ஏஜெண்ட் 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். மூன்று வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டலாம் என்கிறான். வருவது லாபமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: வெளிநாடு போனால் வருமானம் கூடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகமில்லை. 2013ல் மலேசியச் செம்பனைத் தோட்ட வேலைக்குப் பங்ளாதேஷ் அரசு குலுக்கல் நடத்தியது. சுமார் 14 லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். முஷ்ஃபிக் மொபாரக் குழுவினர் அவர்களில் 3,512 பேரைப் பல ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்து விசாரித்தார்கள். சீட்டு விழுந்தவரும் விழாதவரும் ஒரே மாதிரி ஆட்கள். துணிச்சல், படிப்பு, சொத்து எதிலும் வேறுபாடில்லை, அதிர்ஷ்டத்தில் மட்டுமே வேறுபாடு. போனவர்களின் வருமானம் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஊரிலிருந்த குடும்பத்தின் வாழ்க்கைத் தரமும் ஏறியிருந்தது. கல்யாணம், குழந்தை எல்லாம் தள்ளிப்போனதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

ஆனால் அது அரசு வழியே போன கதை. அவர்கள் கட்டிய தொகை, தனியார் ஏஜெண்ட் வாங்குவதில் சிறு பங்கு. உங்கள் தம்பியின் லாபம் சம்பளத்தைவிடக் கடனைப் பொறுத்தது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 4 லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 12,000. ஓவர்டைம் சேர்த்து மாதம் 850 வெள்ளி வருகிறது, சாப்பாடு, போன், சில்லறைச் செலவு 250 வெள்ளி போக 600 வெள்ளி மிச்சம் என்று வைப்போம். வெள்ளிக்கு 65 ரூபாய் என்றால் 39,000. அத்தனையையும் கடனுக்கே கட்டினால் 13வது மாதம் கடன் தீரும். ஆனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. மாதம் 15,000 வீட்டுக்குப் போய், 24,000 மட்டும் கடனுக்கு என்றால் தீருவது 24வது மாதத்தில். ஒர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு ஆண்டு வரைதான் தருவார்கள்.

இதிலும் கழுத்தை அறுப்பது ஓவர்டைம். தளத்தில் வேலை குறைந்து 850 என்பது 650 ஆனால், மிச்சம் 400 வெள்ளி, 26,000 ரூபாய். வீட்டுக்கு 15,000 போக 11,000. வட்டி 12,000. மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பார், கடனோ ஆயிரம் ஆயிரமாக வளரும். "நான்கு லட்சம் கட்டி வந்தான், இரண்டு ஆண்டில் வெறுங்கையோடு திரும்பினான்" என்று கேள்விப்படும் கதைகளில் பாதிக்கு இந்தக் கழித்தல் கணக்குதான் காரணம். ஊரிலேயே இருந்தால் அவர் எவ்வளவு சம்பாதிப்பார் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு லாபம் பேசுவதில் பொருளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூர் ஏஜெண்ட் ஊழியரிடம் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். முதலாளி ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு நிறுத்தினால் அதில் பாதியைத் திருப்பித் தரவேண்டும். மாதம் 850 என்றே வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 1,700 வெள்ளி, ஏறக்குறைய 1,10,500 ரூபாய். 4 லட்சத்தில் மீதி எங்கே போகிறது? கடல் தாண்டி, ஊரிலுள்ள ஏஜெண்ட், சப்-ஏஜெண்ட், அவரை அறிமுகப்படுத்திய பக்கத்து ஊர்க்காரர் என்று. அந்தச் சங்கிலியை இங்குள்ள சட்டம் எட்டாது. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜெண்டுக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் உச்சவரம்பு. ஆனால் குடிபெயர்வு அனுமதி கட்டாயமான 18 நாடுகளின் பட்டியலில் மலேசியா உண்டு, சிங்கப்பூர் இல்லை. எனவே அந்தச் சோதனைச் சாவடியும் உங்கள் தம்பியின் வழியில் வராது.

பணம் கைமாறுவதற்கு முன் ஐபிஏ எனப்படும் கொள்கையளவிலான அனுமதிக் கடிதம் தமிழில் அவர் கையில் இருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம், ஏஜெண்ட் கட்டணம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். கடிதம் உண்மையானதா என்பதையும், ஏஜெண்டின் உரிம எண்ணையும் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளியோ சூப்பர்வைசரோ தனியே பணம் கேட்டால் அது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கேள்வி: ஒரு கம்பெனி பேசிக் 800 என்கிறது. இன்னொன்று பேசிக் 500, அலவன்ஸ் 300. இரண்டும் ஒன்றுதானே?
– வாசகர், காக்கி புக்கிட்

பதில்: இல்லை. ஓவர்டைம் பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும், அலவன்ஸ் அதில் சேராது. மாத பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி நேரம், அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேர விகிதம். அதில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். பேசிக் 800க்கு மணிக்கு 6.29 வெள்ளி, பேசிக் 500க்கு 3.93. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் முதல் கம்பெனியில் சுமார் 378, இரண்டாவதில் 236. மாதத்துக்கு 142 வெள்ளி போகிறது. மேலே சொன்ன கடன் கணக்கில் அதைப் போட்டுப் பாருங்கள், எத்தனை மாதம் தள்ளிப்போகிறது என்று தெரியும். ஓவர்டைமுக்கு மாதம் 72 மணி நேரம் உச்சவரம்பு. சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் வரவேண்டும், ஓவர்டைம் 14 நாளுக்குள். விடுபட்ட பணத்துக்கு, வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள்ளும், சம்பளத் தகராறுகளுக்கான சமரச அமைப்பான டிஏடிஎம்மில் முறையிட வேண்டும். நாள் தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயமிருந்தாலும் கோப்பைத் திறக்க மாட்டார்கள். சம்பளச் சீட்டைப் போனில் படம் பிடித்து வைப்பது நல்லது.

கேள்வி: "உனக்கு மாதம் 900 வெள்ளி லெவி கட்டுகிறேன்" என்று முதலாளி அடிக்கடி சொல்லிக்காட்டுகிறார். அது உண்மையில் யார் பணம்?
– வாசகர், துவாஸ்

பதில்: லெவி என்பது வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்க முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை. சட்டப்படி அது அவர் பணம். உங்கள் சம்பளத்தில் லெவியைப் பிடித்தால் அது குற்றம். பொருளியலில் பதில் வேறு. வரியைக் கொண்டுபோய்க் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் இன்னொருவராக இருக்கலாம். யாருக்கு மாற்று வழி குறைவோ அவர்தான் அதிகம் சுமப்பார். உங்கள் உழைப்பால் நிறுவனத்துக்கு மாதம் 2,400 வெள்ளி மதிப்பு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், லெவி 900, தங்குவிடுதிக் கட்டில் ஒரு 450 போக, 1,050க்கு மேல் சம்பளம் தர அவருக்குக் கட்டுப்படியாகாது. லெவி குறைந்தால் அந்த உச்சி உயரும். உயர்ந்த இடத்தைச் சம்பளம் எட்டிப்பிடிக்குமா என்பது வேறு கேள்வி. ஊரில் வரிசையில் ஆயிரம் பேர் நிற்கும்வரை, எட்டிப்பிடிக்க அவசரமில்லை.

இதில் உங்கள் கையில் ஒரு துருப்பு உண்டு. 2024 ஜனவரி முதல் கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் ஊழியருக்கு லெவி 900, உயர்திறன் ஊழியருக்கு 500. நீங்கள் உயர்திறன் (ஆர்1) ஊழியர் ஆனால் முதலாளிக்கு மாதம் 400, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சம். கோர்டிரேட் எனும் கட்டுமானத் திறன் சான்று, பல்திறன் தேர்வு, அல்லது அனுபவமும் நிலையான மாதச் சம்பளமும் சேர்ந்த வழி என்று ஆர்1 ஆக ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் உண்டு. பயிற்சிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டியது என்பார்கள், அது நியாயமே. அதைச் சேர்க்காமல் பார்த்தால், உங்களுக்கு 150 ஏற்றினாலும் அவருக்கு மாதம் 250 நிற்கிறது. அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க அண்ணே" என்பதைவிட அதற்கு வலு அதிகம்.

கேள்வி: பெர்மிட் முடியப்போகிறது. வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளம். இப்போதைய முதலாளி ரிலீஸ் தர மாட்டேன் என்கிறார். வழி உண்டா?
– வாசகர், கிராஞ்சி

பதில்: கட்டுமானத் துறையில் உண்டு. பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முன்பிருந்து 21 நாள் முன்புவரை, உங்கள் எழுத்துபூர்வ சம்மதத்தோடு புதிய முதலாளி விண்ணப்பிக்கலாம், பழையவரின் ஒப்புதல் தேவையில்லை. பெர்மிட் நவம்பர் 30ல் முடிகிறது என்றால் அக்டோபர் 21 முதல் நவம்பர் 9 வரை. இந்த ஜன்னல் திறக்கும் முன்னரே புதிய கம்பெனியின் வெளிநாட்டு ஊழியர் ஒதுக்கீடு (கோட்டா), லெவி, பிணைப் பத்திரம் எல்லாம் தயாரா என்று கேட்டு வைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதில்தான்: நவம்பர் 15ல் பேச்சைத் தொடங்குவார்கள். முடிவுத் தேதியை எஸ்ஜிஒர்க்பாஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம், அட்டையை முதலாளி வைத்திருந்தாலும்.

வேலை மாறும் உரிமைக்கும் சம்பளத்துக்கும் என்ன தொடர்பு என்பதை 1933லேயே பொருளியலாளர் ஜோன் ராபின்சன் எழுதிவைத்தார். உழைப்பை வாங்குபவர் ஒருவரே என்றால், அவர் கொடுப்பதுதான் விலை. ஐக்கிய அரபு சிற்றரசுகளில் 2011 ஜனவரி முதல், ஒப்பந்தம் முடிந்த ஊழியர் முதலாளியின் சம்மதமின்றி இடம் மாறலாம் என்றானது. சுரேஷ் நாயுடு, யாவ் நியார்கோ, ஷிங்-யி வாங் மூவரும் சம்பளப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களின் சம்பளம் 10 விழுக்காட்டுக்கும் மேல் ஏறியிருந்தது. கதவைத் திறந்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று பயந்தது நடக்கவில்லை. நாட்டைவிட்டே போய்விடுவோர் குறைந்ததால் அதே கம்பெனியில் நீடித்தவர்கள் கூடினார்கள். புதிதாக ஊரிலிருந்து வர நினைத்தவர்களுக்கு மட்டும் அடி: எடுக்கப்பட்டவர்கள் குறைந்தார்கள், அவர்களின் சம்பளமும் குறைந்தது. உங்களுக்கு நல்லது, உங்கள் ஊரில் வரிசையில் நிற்கும் மச்சானுக்கு அவ்வளவு நல்லதில்லை.

கேள்வி: தேக்காவில் சிறிய உணவகம். முழுநேர உள்ளூர் ஊழியர் 5 பேர், பகுதிநேரம் 2 பேர். எத்தனை வெளிநாட்டு ஊழியர் எடுக்கலாம்?
– வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: சேவைத் துறையில் மொத்த ஆட்களில் 35 விழுக்காடு. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த விதிப்படி 1,600 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்கும் உள்ளூர்வாசி முழு ஆள், 800 முதல் 1,600க்குள் வாங்குபவர் அரை ஆள். உங்கள் முழுநேரக்காரர் ஐவரும் முழு ஆள், பகுதிநேரக்காரர் இருவரும் அரை ஆள் என்றால் 5 கூட்டல் 1, ஆக 6. அதை 35ஆல் பெருக்கி 65ஆல் வகுத்தால் 3.23, பின்னம் தள்ளுபடி, 3 பேர். இப்போது முழுநேரக்காரர் ஒருவர் பகுதிநேரத்துக்கு மாறி 1,550 வாங்குகிறார் என்று வையுங்கள். அவர் அரை ஆளாகிவிடுவார். 5.5க்கு 2.96, அதாவது 2 பேர். ஐம்பது வெள்ளியை மிச்சம் பிடித்து ஒரு பெர்மிட்டை இழப்பீர்கள். சம்பளங்கள் ஓர் எல்லைக்கோட்டில் போய்க் குவிவதைப் பொருளியலாளர்கள் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

கணக்கு மத்திய சேமநிதியில் ஏறும் தொகையை வைத்தே நடக்கும். வேலைக்கே வராத சித்தி பெயரில் சேமநிதி கட்டி எண்ணிக்கையைக் கூட்டும் யோசனையை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், அதற்கும் சிறை உண்டு. இன்னொன்று, சேவைத் துறையில் எல்லா நாட்டவரையும் ஒர்க் பெர்மிட்டில் எடுக்க முடியாது. இந்திய உணவகச் சமையல்காரருக்கு 2023 செப்டம்பர் முதல் தனி வழி உண்டு. குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம், கூடவே தனி வரம்புகள். விண்ணப்பத்துக்கு முன் அமைச்சின் கணிப்பானில் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் வெளிநாட்டு ஊழியர் சம்பளம் பற்றி புராஜெக்ட் செய்கிறேன். இடைநிலை வருமானப் புள்ளிவிவரத்தைப் பயன்படுத்தலாமா?
– மாணவி, டோவர்

பதில்: கூடாது. சிங்கப்பூரின் இடைநிலை வருமானம் என்று செய்தியில் வருவது பெரும்பாலும் குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கானது மட்டுமே. உழைப்பாளர் கணக்கெடுப்பு வீடு வீடாக நடப்பதால், தங்குவிடுதியிலும் கட்டுமானத் தளத்திலும் தங்குபவர்கள் அதில் வரமாட்டார்கள். வெளிநாட்டு ஊழியர் எத்தனை பேர் என்பது அமைச்சின் நிர்வாகப் பதிவில் அனுமதி வகைவாரியாகக் கிடைக்கும். அவர்களின் சம்பளத்துக்கு நீங்களே கேள்வித்தாள் தயாரித்துப் போக வேண்டியிருக்கும். போனால் "சம்பளம் எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்காமல், பேசிக், அலவன்ஸ், ஓவர்டைம் மணி, பிடித்தம், கையில் வந்தது என்று ஐந்து கட்டமாகக் கேளுங்கள். போன மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தபடியே நிரப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் மட்டும் நின்று கேட்டால், அன்று ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒருவர்கூட உங்கள் தாளில் வரமாட்டார்கள்.